யார் மூட்டிய வெக்கை

பேர்ணடெற் அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒப்பீஸ் முத்திரையோடு எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே கையெழுத்து வைத்து அனுப்பிவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதில்லை. இந்த நாட்டுக்கு வந்து அகதி வழக்கு நடந்த காலத்தில் பிடித்த பயம் அது. பதில் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். குடியுரிமை கிடைத்து இருபத்தெட்டு வருடமாகியும் அந்தப் பயம் போகவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த நோய் உண்டு. என் வாப்பாவும் இப்படித்தான்.

அந்தப் பழக்கம்தான் போன ஜூனில் அவருடைய கணவர் பஸ்ரியன் அண்ணையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது.

அவர்கள் இருப்பது சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், பத்தொன்பதாம் மாடியில். நான் ரிஸ்னா, இரண்டு கதவு தள்ளி இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. மே மாதம் கட்டட நிர்வாகம் எல்லா வீட்டுக்கும் ஒரு படிவம் அனுப்பியது. மேலே 'பூமியைக் காப்போம்' என்று பச்சை எழுத்து, பக்கத்தில் ஓர் இலை. ஜன்னல் ஏசியைக் கழற்றச் சம்மதிக்கிறேன் என்ற வரி நடுவில், பொடி எழுத்தில். அக்கா வழக்கம்போலக் கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமையே இரண்டு பேர் வந்து ஏசியைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் கடைசியில் வெக்கை ஏறியது. ஏசி இருந்த இடத்தைப் பலகையால் அடைத்திருந்தார்கள், மற்ற ஜன்னல்கள் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. பஸ்ரியன் அண்ணைக்கு ஏற்கெனவே இதயம் பழுது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையிலேயே சரிந்துவிட்டார். குளிர்காலத்தில் வீடு இத்தனை பாகைக்குக் கீழே போகக்கூடாது என்று இந்த நகரத்தில் சட்டம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களின் வீடு எவ்வளவு கொதிக்கலாம் என்பதற்கு ஒரு சட்டமும் இல்லை. அவிந்து செத்தால் அது உன் பாடு.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடலாம், ஆனால் அறை குளிராக இருக்கவேண்டும், இன்னொரு தடவை இந்த இதயம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்கா மூலையில் கிடந்த ஏசியைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் இருந்தார். கையெழுத்து வைத்துக் கொடுத்ததை மீறலாமா என்று பயம்.

செவ்வாய்க்கிழமை நிர்வாகம் லொபியில் கூட்டம் வைத்தது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மனேஜர் திரையில் படம் காட்டினார். புகைபோக்கி, உருகும் பனி, மெலிந்த ஒரு கரடி. மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த பிழை இது, ஆகவே எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்றார். அங்கே இருந்தவர்களில் குளிரூட்டிய அறையிலிருந்து எழுந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

அக்கா எழும்பினார்.

"ரிஸ்னா, உவரிட்டைக் கேள். மனிசர் எண்டுறார். எந்த மனிசர்? என்ரை அப்பா திருக்கோணமலையிலை எண்ணெய்த் தாங்கி கழுவினவர். வெள்ளைக்காரன் தன்ரை போர்க்கப்பல் உலகம் முழுக்க ஓடோணும் எண்டு எங்கடை காட்டை வெட்டிப்போட்டுக் கட்டின தாங்கி. பதினேழு வயசிலையிருந்து உள்ளுக்கை இறங்கி வழிச்சு வழிச்சு, நாப்பத்தாறு வயசிலை நெஞ்சடைச்சுச் செத்தவர். எங்கடை வீட்டிலை இருந்தது ஒரேயொரு மண்ணெண்ணெய் விளக்கு. அந்த விளக்குப் புகையிலையோ உவற்றை பனி உருகினது?"

நான் தொழில் பழக்கத்தில், "இந்த அம்மா கொஞ்சம் கவலைப்படுகிறார்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அக்காவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

"கவலையில்லை. கோவம். அதைச் சொல்லு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

வரலாறு பேச இது இடமில்லை என்றார் மனேஜர். கையெழுத்து வைத்த படிவத்தை எடுத்துக் காட்டினார். வேண்டுமானால் விண்ணப்பம் போடலாம், பரிசீலிக்க ஆறு கிழமை ஆகும் என்றார். டொக்டர் கொடுத்த தவணையோ மூன்று நாள்.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது இதுதான். வெள்ளைக்காரர்கள் நிலக்கரி தோண்டினார்கள், ரயில் ஓட்டினார்கள், எங்கள் மலைக் காடுகளை மொட்டையடித்துத் தேயிலை நட்டார்கள், விளைந்ததையெல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருநூறு வருடமாக அந்த அடுப்பு அணையவேயில்லை. இந்த நகரமும் அதில் குளிர்காய்ந்து வளர்ந்ததுதான். இப்போது நாங்களும் இங்கேதான் இருக்கிறோம், கார் ஓடுகிறோம், பிளேனில் பறக்கிறோம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடுப்பை அணைக்கிறேன் என்று புறப்பட்டவர்கள் முதலில் கை வைப்பது இதயம் பழுதான ஒரு கிழவரின் ஏசியிலா?

"உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா லிஃப்ற்றை நோக்கி நடந்தார்.

வியாழக்கிழமை நானும் அவருமாகப் பலகையைக் கழற்றி, ஏசியைத் தூக்கி ஜன்னலில் பூட்டினோம். வெள்ளிக்கிழமை பஸ்ரியன் அண்ணை வந்து அதன் முன்னால் படுத்தார்.

சனிக்கிழமை காலை கட்டடப் பராமரிப்பாளர் புதுப் படிவத்தோடு வந்து கதவைத் தட்டினார். உடனே கழற்றுவதாக ஒப்புக்கொள்ளவேண்டுமாம். பேனையை நீட்டினார். அக்காவின் கை தன்பாட்டில் பேனையை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். பாதி வழியில் நின்றது. முதன்முறையாக, "முழுக்க வாசி" என்றார். ஒவ்வொரு வரியாக வாசித்து விளங்கப்படுத்தினேன். கதவடியில் நின்றபடியே கேட்டார்.

"உந்த வெக்கையை மூட்டினவன் ஆரோ, அவன் வந்து கழட்டட்டும் எண்டு சொல்லு. நான் சைன் வைக்கமாட்டன்."

அந்த மனிதர் உள்ளே படுத்திருந்தவரை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நிர்வாகத்திடமிருந்து மூன்று கடிதங்கள் வந்துவிட்டன, ஒன்றிலும் அக்கா கையெழுத்து வைக்கவில்லை. ஏசி ஓடுகிறது, பஸ்ரியன் அண்ணை மூச்சு விடுகிறார்.