வருக வருக என்று மட்டும் சொல்லத் தெரிந்த பலகை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மலர்களில், மறைந்தவர் எப்போதும் சிரித்த முகமாக இருந்தார், கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதில்லை என்று எழுதுவது வழக்கம். எங்கள் அண்ணனுக்குச் சிரித்த முகம் கிடையாது. கேட்டவருக்குப் பாதி நேரம் இல்லை என்றுதான் சொன்னார், ஏனென்றால் கையில் இருந்ததில்லை. தங்கையாகிய நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். "பூசி மெழுவி எழுதாத. நடந்தத எழுது, போதும்" என்றும் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

ஆரணியை ஒட்டிய சேவூரில், நெசவாளர் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அப்பா பட்டுச் சேலை நெய்தார். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளை ஒன்றோடு ஒன்று கோத்து அந்தப் பெட்டியில் மாட்டியிருப்பார்கள். மிதியை மிதிக்க மிதிக்க அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். துளை உள்ள இடத்துக் கொக்கி மட்டும் தன் நூலைத் தூக்கும். சேலையில் மாங்காயும் அன்னமும் விழுவது இப்படித்தான். அண்ணனுக்கு நெசவில் மனம் ஒட்டவில்லை. சேலையைப் பார்க்கச் சொன்னால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை விட்டுவிட்டு, பெட்டி பழுது பார்க்கிற வேலைக்குப் போனார். அப்பா காலமான பிறகு வீட்டுச் சுமை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. என்னைச் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தன் திருமணத்தைப் பற்றிப் பேசவே விட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெட்டிக்கு உதிரிச் சாமான் வாங்கச் சென்னைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். அன்று நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன்.

"இன்னாண்ணா வாங்கியாந்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாங்கல. பொருட்காட்சில ஒரு பலகை பாத்தேன். எழுத்து அதும்பாட்டுக்கு ஊந்துகினு போவுது. பல்பால எழுதறான். நம்ம கிட்ட பொட்டி இருக்குதே, இத்தால எழுத முடியாதா?" என்றார்.

அன்றைக்கு எங்களுக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தாலும் அவரை நிறுத்தியிருக்க முடியாது.

முதலில் சின்னச் சின்னதாகச் செய்தார். அரிசி ஆலை ஒன்றுக்குச் செய்த பலகையில், மூட்டையிலிருந்து அரிசி நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். அரிசி வரைந்த துணிப் பட்டை ஒன்று பின்னால் இரண்டு உருளைகளில் சுற்றுகிறது, அவ்வளவுதான். அதைப் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சிமெண்டுக் கடைக்குக் கொத்தனார் பொம்மை ஒன்று செய்தார். அதன் கை கரண்டியோடு ஏறி இறங்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் கண்ணாடிப் பெட்டி வைத்தார். அதற்குள் நாலைந்து கடைகளின் விளம்பரங்கள் எழுதிய துணி மேலிருந்து கீழே இறங்கும், பிறகு கீழிருந்து மேலே ஏறும். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் காபியை ஆறவிட்டுவிட்டு அதைப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். அண்ணன் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதிக நாள் இல்லை.

அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு பலகை. பல்பு இல்லாமல், ஜக்கார்டு பெட்டியால் எழுத்து ஊர்ந்து போகிற பலகை. அது ஊர் நடுவில் ஓட வேண்டும், நம் சனங்கள் நின்று படிக்க வேண்டும். இதற்கு மேல் அண்ணன் யாரிடமும் எதையும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

அதற்காகப் பெட்டி பழுது பார்க்கிற வேலையைக் குறைத்துக்கொண்டார். அண்ணி பட்டு நூல் சுற்றிக் கொடுத்து அடுப்பெரிய வைத்தார். வீட்டின் பின்பக்கக் கொட்டகையில், தீப்பெட்டி அளவுக்கு மரத்துண்டுகளை அறுத்து, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் மஞ்சளும் அடித்து, வரிசை வரிசையாகக் கம்பியில் கோத்தார். ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு நூல் மேலே போய்ப் பெட்டியின் கொக்கியில் சேரும். கொக்கி இழுத்தால் துண்டு திரும்பி மஞ்சளைக் காட்டும், விட்டால் கறுப்பாகிவிடும். பழைய கிரைண்டர் மோட்டார் ஒன்று அட்டைகளை நகர்த்தும். ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் எழுத்து ஒரு வரிசை தள்ளி நிற்கும். தொடர்ந்து ஓடினால் எழுத்து நடப்பது தெரியும்.

அட்டைக்குத் துளை போட்டுக் கொடுத்தவர் அண்ணனின் நண்பர் ஏழுமலை. சேலைக்கு அட்டை குத்துவதுதான் அவருக்கும் தொழில். முதலில் சோதித்துப் பார்க்கச் சில அட்டைகளில் ஓர் அன்னத்தை மட்டும் குத்திக் கொடுத்தார். மோட்டாரைப் போட்டதும் மஞ்சள் அன்னம் ஒன்று கறுப்புப் பலகையின் குறுக்கே தத்தித் தத்தி நடந்துபோனது. துண்டுகள் புரளும் சத்தம் சடசடவென்று கேட்டது. அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். அண்ணன் அப்போதும் சிரிக்கவில்லை. "கழுத்து கொஞ்சம் நெட்டையா இருக்கலாம்" என்று ஏழுமலையிடம் சொன்னார்.

ஆரணியில் பட்டுக்கடை முதலாளி ஒருவர் அந்த அன்னத்தைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்குத் தம் கடை வாசலில் பலகையை வைக்க ஒப்புக்கொண்டார். 'வருக வருக' என்று தொடங்கிக் கடையின் பெயரில் முடிய வேண்டும். இடையில் என்ன வரவேண்டும் என்பதை அவர் மாற்றிக்கொண்டே இருந்தார். ஏழுமலை எழுத்து அட்டைகளைக் கொண்டுவந்தது பலகை மாட்டுகிற அன்று காலையில்தான். கோத்து மாட்டத்தான் நேரம் இருந்தது, ஓட்டிப் பார்க்க இருக்கவில்லை.

கடை வாசலில் நல்ல கூட்டம். முதலாளியே சுவிட்சைப் போட்டார். எழுத்துகள் நடந்தன. ஆனால் எல்லாம் திரும்பியிருந்தன. கண்ணாடியில் தெரிவதைப் போல ஒவ்வோர் எழுத்தும் பின்புறமாக, வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

எங்கள் தொழில் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டுச் சேலையின் நல்ல பக்கம் தறியில் அடியில் இருக்கும். நெய்கிறவர் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். அதனால் சேலையில் ஒரு பெயர் வர வேண்டுமென்றால் அட்டையில் அதைத் திருப்பித்தான் குத்த வேண்டும். ஏழுமலையின் கை காலமெல்லாம் அப்படித்தான் குத்தியது. அண்ணனின் கண்ணும் காலமெல்லாம் அதைத்தான் சரி என்று பார்த்தது. பலகைக்கு அடிப்பக்கம் இல்லை என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அன்னம் எந்தப் பக்கம் பார்த்து நடந்தாலும் அன்னம்தான், அதனால் அதிலும் தெரியாமல் போயிற்று.

எதிரே ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. "கண்ணாடில பாருங்கப்பா, சரியா ஓடுது" என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் சாலையைத் தாண்டி அந்தக் கடைக்குள் போய் நின்று, பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படித்தார்கள். சிரிப்பு நெடுநேரம் ஓயவில்லை. அண்ணன் மட்டும் பலகைக்கு முன்னால் நின்றார்.

"இன்னாப்பா இது, பேஜாராப் போச்சு. ஜல்தி கழட்டிட்டு எட்துகினு போ" என்றார் முதலாளி.

"ஒரு வாரம் குடுங்க முதலாளி. அட்டைய திருப்பிக் கோத்துட்டா சரியாப்பூடும்."

"ஒரு வாரத்துல தீபாவளியே வந்துடும்பா."

அவர் சொன்னதுதான் நடந்தது. அட்டைகளைச் சும்மா திருப்பிவிட முடியவில்லை. ஓரத்துத் துளைகள் ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருந்துகிறவை. கோத்த நூலைப் பிரித்து, ஒவ்வொன்றையும் திருப்பி, ஓரத்தில் மறுபடி துளை போட்டார்கள். கிழிந்தவற்றுக்கு அன்னத்தின் அட்டைகளை வெட்டி ஒட்டினார்கள். வேலை முடிந்தபோது தீபாவளி முடிந்திருந்தது. கடை வாசலில் சென்னையிலிருந்து வந்த சிவப்பு விளக்குப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. அதில் எழுத்தை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம்.

அன்று முதல் அண்ணனின் பலகை கொட்டகையில்தான் இருந்தது. எழுத்து இப்போது நேராக ஓடியது. ஆனால் தன்னை வேண்டாம் என்று சொன்ன கடைக்குத்தான் அது எல்லோரையும் அழைத்தது. அதற்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. மற்ற கடைகளுக்குப் போய்க் கேட்டார். அந்தக் கடையின் பெயரோடு யார் எடுப்பார்கள்? புதிதாக அட்டை குத்தக் கையில் எதுவும் இல்லை, ஏழுமலையிடம் மறுபடி கேட்க வாயும் வரவில்லை. பிறகு கேபிள் டிவியில் விளம்பரம் வந்தது. அதற்குப் பின் பிளக்ஸ் வந்தது. ஓட்டல்காரர் கண்ணாடிப் பெட்டியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் மீண்டும் ஊர்த் தறிகளின் பெட்டிகளைப் பழுது பார்க்கப் போனார். அவருக்குள் ஏதோ அன்றே நின்றுவிட்டது. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். "உடு" என்பதற்கு மேல் பதில் வராது.

அண்ணிக்கும் அண்ணனுக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த வீட்டில் காதுகுத்து இல்லை, மஞ்சள் நீராட்டு இல்லை, கல்யாணம் இல்லை. உறவு மொத்தமும் கூடுகிற காரணம் ஒன்றும் அந்த வாசலுக்கு வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வேலூர் மருத்துவமனைக்குப் பேருந்தில் போவதும் வருவதுமாகக் கடைசிக் காலம் கழிந்தது. சில தடவை நான் கூடப் போனேன். அங்கே காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு சிவப்பு விளக்குப் பலகை ஓடும். அடுத்து யார் போக வேண்டும் என்று எழுதும். அண்ணன் தன் முறை போனதைக்கூடக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"சத்தமே இல்ல பாரு" என்றார் ஒருநாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவரே பேச்சை எடுத்தார். "நம்ம பலக இப்ப நேராத்தான் ஓடுது. நம்ம சனங்க யாரும் பாக்கல. அவங்க கண்ணுல கடைசியா பட்டது அந்தக் கோணல்தான். எல்லாரும் ஒண்ணா வர அன்னிக்கு ஒரு தபா ஓட்டிக் காட்டிடணும்."

"காட்டலாம்ண்ணா" என்றேன். எந்த நாளில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லோரும் ஒன்றாக வந்தீர்கள். அவரை வாசலில் கிடத்தியிருந்த அன்று வந்தீர்கள். ஆரணியிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும், எங்களுக்கு மறந்தே போன ஊர்களிலிருந்தும் வந்தீர்கள். தெரு கொள்ளவில்லை. ஏழுமலை கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, அவரு கேட்டுகினே இருந்தாரே. எல்லாரும் வந்துகிறாங்க. ஒரு தபா ஓட்டிடலாமா?"

அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தார். "வேணாங்க. அது இன்னா சொல்லும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

ஏழுமலைக்குத் தெரியும். அதைக் குத்தியதே அவர்தான். சாவு வீட்டில் வருகிறவரை 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. போகிறவரும் 'வரேன்' என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. அந்த வாசலில் மஞ்சள் எழுத்தில் 'வருக வருக' என்று எப்படி ஓட விடுவது? அண்ணன் அதை யோசிக்கவில்லை. நானும் பேருந்தில் யோசிக்கவில்லை. ஏழுமலை கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். கருமாதி அன்றும் நீங்கள் வந்தீர்கள், அன்றும் அதே கதைதான். ஓராண்டு கழியட்டும், துக்கம் கழிந்த பிறகு ஓட்டலாம் என்று முடிவு செய்து பூட்டிவிட்டோம்.

போன வாரம் இந்த நாளுக்காகக் கொட்டகையைத் திறந்தோம். மழை ஒழுகி அட்டைகள் ஊறிப் பிளந்திருந்தன. நூல்களை எலி தின்றிருந்தது. ஏழுமலை உள்ளே போய் வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"போச்சு தங்கச்சி. ஒண்ணும் மிச்சமில்ல" என்றார்.

மரத்துண்டுகள் சில மஞ்சளாகவும் சில கறுப்பாகவும் திரும்பியபடியே நிற்கின்றன. அதில் எந்த எழுத்தும் தெரியவில்லை. புதிதாகச் செய்யலாமே என்று சிலர் சொன்னார்கள். செய்யத் தெரிந்தவர் இல்லை, பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவரும் இல்லை. எனக்கு இதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்ததாக எழுத எனக்கு வராது.

நன்றி சொல்லும் கடமை ஒன்று இருக்கிறது. கடைசிவரை நூல் சுற்றிக்கொண்டே அண்ணனைப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கு எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. தவறு தன்னுடையது மட்டும்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கும் ஏழுமலைக்கும், வேலூருக்குத் துணையாக வந்தவர்களுக்கும், பந்தல் போட்டுத் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

மற்ற உங்கள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. அன்று எங்கள் வாசலுக்கு வந்த உங்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்பதால் கூப்பிடவில்லை. இன்று கூப்பிடலாம். உங்களைக் கூப்பிடுவதற்கென்றே எங்கள் அண்ணன் ஒரு பலகை செய்து வைத்திருந்தார். அது ஓடவில்லை. கொட்டகைக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே போய்ப் பாருங்கள். அது சொல்ல வேண்டியதை அதன் பக்கத்தில் நின்று நான் வாயால் சொல்கிறேன்.

வாங்க. எல்லாரும் வாங்க.