பல்கலைக்கழக ரோட்டை வளைத்த கிணறு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் கிளிநொச்சிப் பக்கம் புதிய பல்கலைக்கழகத்துக்குக் காணி தேடி வந்த படித்தவர்கள், இந்தப் பரமலிங்கத்தின் முற்றத்தில்தான் வந்து கதிரையில் இருந்தார்கள்.

அவர்களுக்கு அரசாங்கம் ஒதுக்கியது உள்ளே கிடந்த பற்றைக்காடு. தெருவிலிருந்து அதற்குப் போக என் காணியை விட்டால் வழியில்லை. ஒரு பழைய சைக்கிளோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி நான் ஆக்கிய காணி அது. பாறையைக் கண்டு மற்றவர்கள் விட்டுப்போன இடத்தில் வெடி வைத்துக் கிணறு கண்டவனும் நான்தான். எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை.

பதிலுக்கு வாய்க்கால் கரையில் வேறு காணி தருவதாகச் சொன்னார்கள். நான் சம்மதித்தேன்.

"பல்கலைக்கழகம் வந்து கேட்டவுடன உங்களுக்கு உச்சி குளிர்ந்திட்டுதோ?" என்று என் மனைவி பத்மாசனி நக்கலடித்தாள்.

காணி அலுவல் பார்த்த யோகநாதன் ஒருநாள் வரைபடத்தை விரித்தார். கிணற்றைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"அதிலதான் ரோட்டு வருது, ஐயா. தூர்த்துப்போடுவம்."

நான் எழும்பிவிட்டேன்.

"தண்ணி நிக்கிற கிணத்தைத் தூர்த்தால் குடி விளங்காது, தம்பி. பிள்ளையள் படிக்கிற இடத்துக்கு அந்தப் பாவம் வேண்டாம். கிணறு நிண்டால் கையெழுத்து வைப்பன். இல்லாட்டி இல்லை."

"குழாய்க்கிணறு அடிப்பம், ஐயா."

"அடியுங்கோ. என்ர கிணத்தில கை வையாமல் அடியுங்கோ."

பத்மாசனி தேநீரோடு வந்தாள். "இதுவும் அந்தக் கிணத்துத் தண்ணிதான். குடிச்சிட்டுச் சொல்லுங்கோ."

அவர் குடித்தார், வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

பிறகு நெடுநாள் ஒரு பேச்சும் இல்லை. பல்கலைக்கழகம் வேறு மாவட்டத்துக்குப் போகப்போகிறது என்று ஊரில் கதை பரவியது. சந்தையில் பக்கத்துக் காணி ராசு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "அண்ணை, உங்கட கிணத்துக்குள்ள பல்கலைக்கழகக் கம்பஸ் விழுந்திட்டுது!"

"விழுந்தால் நான் இறங்கித் தூக்குவன்" என்றேன். சொன்னேனே தவிர, அன்று இரவு கிணற்றுக்கட்டில் போய் இருந்து யோசித்தேன். ஊர்ப் பிள்ளைகளின் படிப்பை நான் மறித்துவிட்டேனோ?

கடைசியில் யோகநாதன் புது வரைபடத்தோடு வந்தார். ரோட்டு கிணற்றைச் சுற்றி வளைந்து போனது. என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அடிக்கல் நாட்டிய அன்று பொங்கலுக்கு என் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள். இந்த நாட்டில் வேறு எவனுக்காகப் பல்கலைக்கழக ரோட்டு வளைந்தது?

போன கிழமை பல்கலைக்கழக வாசலில் புதிய காவலாளி என்னை மறித்தான்.

"ஆரைப் பார்க்க, ஐயா?"

"கிணத்தை."

அவன் விழித்தான். உள்ளேயிருந்து வந்த மாணவி ஒருத்தி சிரித்தாள். "விடுங்கோ அண்ணா, அவர் கிணத்து ஐயா."

பெயரைப் பாருங்கள்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.