எள்ளுக்குத் தாகமில்லை

வீட்டுக்காரர் சண்டைக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து போன வருஷம், பனமலை ஏரிக்குப் பக்கத்து அரைக்காணியில் மாசிப் பட்டத்துக்கு எள் விதைத்தேன். மாமியார் விழுப்புரத்தில் பெரிய மகன் வீட்டில் இருந்தார். அங்கே போகும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்.

"எள்ளு நல்லா வந்தா நெலம் உன் கையில. வரலேன்னா குத்தகைக்கு வுட்டுட்டு, திண்டிவனத்துல உங்கம்மா வூட்ல போய் இரு."

அம்மா வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர். மல்லாட்டைக் கடலை உடைக்கிற வேலையில் யாருக்கும் யாரோடும் பேச நேரமில்லை. அது வேறு கதை.

தண்ணீர் பாய்ச்சுகிற நாளில் ஏற்றம் மிதிக்க ஊரிலிருந்து ஒரு மாமாவும், கீழே தண்ணீர்ச் சால் பிடிக்க அவர் பெண்சாதியும் வருவார்கள். நான் மடை திருப்புவேன். அன்றைக்கெல்லாம் ஊர்ப்பேச்சுதான். கூழ் கரைத்துக்கொண்டு போவேன், மூன்று பேரும் சேர்ந்து குடிப்போம். மற்ற நாளில் என் குரலே எனக்கு மறந்துபோகும். அதனால் நாலு நாளைக்கு ஒரு முறை போய் அவர்களைக் கூப்பிடுவேன். வெள்ளையாக ஒரு சீமை உப்பு அப்போதுதான் உரமென்று வந்திருந்தது. அதை ஒருமுறை தூவினால் போதும் என்றார்கள். நான் இரண்டு முறை தூவினேன். உப்பு போட்டால் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமே!

செடி இடுப்புயரம் வந்தது. இலை கருகருவென்று இருந்தது. நாற்பது நாளாகியும் ஒரு பூ இல்லை.

சால் பிடிக்கிற அத்தை குனிந்து பார்த்தாள். "ஏம்மே, எள்ளு வளக்குறியா, கீரை வளக்குறியா?"

"தண்ணி கேட்டுச்சு அத்தே."

"எள்ளு கேட்டுச்சா, நீ கேட்டியா?"

எனக்கு முகம் சுட்டது. "நீங்க வந்தா நாலு வார்த்தை பேசலாமேன்னுதான்..."

மாமா ஏற்றத்தின் மேலிருந்தே சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "அதுக்கு எள்ளக் கொல்லுவியா? மடைய அடை. உப்பத் தொடாத. பூ வெச்சப்புறம் வந்து கூப்புடு, அதுவரிக்கும் நாங்க வரமாட்டோம்."

பதினைந்து நாள் யாரும் வரவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? காக்காயைத் திட்டினேன், மண்வெட்டியிடம் நியாயம் கேட்டேன். இலை வாட வாட ஏற்றத்தடி வரை போய்ப் போய்த் திரும்பினேன். பதினாறாம் நாள் காலையில் கணுவுக்குக் கணு வெளிறிய பூக்கள். கத்திக்கொண்டே அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். பூவுக்கு ஒரு தண்ணீர், காய்க்கு ஒரு தண்ணீர், அவ்வளவுதான்.

வைகாசியில் மாமியார் வந்து, அறுத்துக் காயவைத்திருந்த எள்ளுக்கட்டு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். பொலபொலவென்று கொட்டியது.

"சரி, நீயே பாத்துக்க" என்று சொல்லிச் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டார்.

இனி அந்த நிலத்தில் தனியாகவே கிடக்கலாம் என்று ஆகிவிட்டது. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை.