எண்ணெய்க்கு முன், எண்ணெய்க்குப் பின்

எங்கள் கடைக்கு ஷட்டர் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. இணையத்தில் ஒரு பக்கம், அதில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். இடுப்புக்குக் கீழே தொங்கும் அந்தக் கூந்தல் என்னுடையது. முகம் தெரியாமல் எடுத்தால் மரியாதையாக இருக்கும் என்றுதான் என் கணவர் முதலில் சொன்னார். அந்த மரியாதை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. முகம் தெரிந்தால்தான் ஜனம் நம்புகிறது என்று கண்டுபிடித்து என்னைத் திருப்பி நிறுத்தினார்.

கூந்தல் தைலத்துக்கு முன்னால் அவர் சாஃப்ட்வேர் விற்றார். மளிகைக் கடைகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர். அவரும் ஒரு நண்பரும் சேர்ந்து எழுதி, அதற்கென்று ஒரு வெப்சைட்டும் வைத்திருந்தார்கள். சைட்டின் உச்சியில் இரண்டு படம். இடதுபக்கம், தாடியும் கலைந்த தலையுமாகக் காகிதக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர். வலதுபக்கம், வழவழவென்று சவரம் செய்து இஸ்திரிச் சட்டையில் சிரிக்கும் கடைக்காரர். இரண்டுமே என் அண்ணன்தான். எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து எங்களைப் பார்க்க வந்தவனை ஒரு வாரம் சவரம் செய்யவிடாமல் பிடித்துவைத்து அந்த இடதுபக்கத்தை எடுத்தார்.

சாஃப்ட்வேர் போணியாகவில்லை. ஆனால் சைட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த இரண்டு படத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே ஓடுகிறார்கள் என்பதெல்லாம் கடை வைத்திருப்பவருக்குத் தெரியுமாம். இன்றைக்கும் மைசூரில் ஆன்லைன் கடை தொடங்க ஆசைப்பட்டு அவரிடம் யோசனை கேட்க வருகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்.

"யாரும் பொருள வாங்கறதில்லப்பா. முன்னாடி எப்டி இருந்தான், பின்னாடி எப்டி ஆனான், நடுவுல இருக்கே ஒரு கேப், அதத்தான் வாங்கறான்."

தைலம் கேனில் வரும். நாங்கள் பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டுவோம். நான் ஒரே ஒரு நாள் தடவிப் பார்த்தேன், தலையணையில் மூன்று நாள் வாடை போகவில்லை. என் முடி அரப்பும் கிணற்றுத் தண்ணீரும் வளர்த்த முடி. எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான், என் அக்காவுக்கும் அப்படித்தான். ஆனால் வீடியோவில் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, மயிர்க்காலில் விரலால் தேய்த்து, கண்ணை மூடிச் சிரிப்பேன். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகவே வரும். வீட்டில் அவர் சட்டையை இஸ்திரி போடும்போதும் சில சமயம் அதே சிரிப்பு வந்து தொலைக்கும்.

பாப்பாவுக்கு மூன்று வயதில் இதயத்தில் ஓட்டை என்றார்கள். இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கை தானாகக் கொண்டைக்குப் போனது. எங்கள் ஊரைத் தாண்டித்தான் மாதேஸ்வரன் மலைக்கு பஸ் போகும். சின்ன வயதிலிருந்து எது என்றாலும் வாயில் வருகிற சாமி அவர்தான். பிள்ளையைக் கொடு, முடியை எடுத்துக்கொள் என்று சொன்னேன். வேறு எதுவும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இல்லை. முடியும் என்னுடையது இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பாப்பா பிழைத்து வந்தாள். நெஞ்சில் தையல் தடம் காய்ந்ததும் அவரிடம் பேச்சை எடுத்தேன்.

"ஏனுங்க, புள்ளைக்குப் புண்ணு ஆறிப்போச்சு. மலைக்குப் போயி முடி எறக்கிட்டு வந்தர்லாமுங்க."

"நோடு, தசரா ஆஃபர் ஓடிட்டிருக்கு. முடியட்டும், போலாம்" என்றார், கன்னடம் கலந்த அவருடைய தமிழில்.

தசரா முடிந்து தீபாவளி வந்தது, தீபாவளி முடிந்து சங்கராந்தி வந்தது. எல்லாப் பண்டிகைக்கும் ஆஃபர் இருந்தது. "சாமிகிட்ட டைம் கேக்கலாம், கஸ்டமர்கிட்ட கேக்க முடியுமா?" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். என் வீட்டில் பூசாரி கையில் ரிங் லைட் வைத்திருந்தார்.

எங்களோடு இருக்கும் மாமியார் ஒரு வழி சொன்னார். பூமுடி கொடுத்தால் போதுமாம். நுனியில் நாலு விரல்கடை கத்தரித்து உண்டியலில் போட்டால் சாமி ஏற்றுக்கொள்ளுமாம். என் கணவருக்கு அம்மா மேல் திடீரென்று வந்த பாசத்தை அன்றுதான் பார்த்தேன். "ஆய்த்து, பிரச்சினை முடிஞ்சுது" என்று கையைத் தட்டினார்.

நான் மொட்டை என்றுதான் வேண்டியிருந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பேரம் பேசவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள் என்பதற்காக இப்போது பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. பயமாகவும் இருந்தது. அதைச் சொன்னதற்கு மாமியாரும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பங்குனியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல், டாக்டரே சொன்னார். எனக்கு அது சாதாரணமாகத் தெரியவில்லை. அவள் நெற்றியில் கை வைக்கும்போதெல்லாம் தோளில் விழுந்து கிடக்கும் பின்னலைப் பார்ப்பேன். இன்னும் இங்கே என்ன செய்கிறாய் என்று அதைக் கேட்கத் தோன்றும். காய்ச்சல் விட்டதும், அவர் கூரியர் விஷயமாக பெங்களூர் போன ஒரு நாள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகக் கொள்ளேகால் பஸ் ஏறினேன். மாமியாரிடம் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்றேன்.

மலையில் கத்தி நடு உச்சியில் பட்டதும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. மடியில் விழுந்ததைப் பார்த்து பாப்பா கைகொட்டிச் சிரித்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சந்தனம் தடவிக்கொண்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சாமியைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் முழுசாக நிம்மதியாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்தால் வாங்கிக்கொள்வது, திருப்பி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்து வைத்திருந்தேன். அவரோ என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு போனை எடுத்தார்.

"கொஞ்சம் லைட்டுக்கு வா."

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்றேன்.

"பேடா, பேடா. கழுவ வேணாம். இப்டியே இரு. இந்த மூஞ்சிதான் வேணும்."

மறுநாள் கடையின் உச்சியில் இரண்டு படம் இருந்தது. இடதுபக்கம், பஸ்ஸில் குலுங்கி வந்து கண் சொருகிய மொட்டைத்தலை. அதன் கீழே 'எண்ணெய்க்கு முன்'. வலதுபக்கம், போன வருஷம் எடுத்த நீளக் கூந்தல். அதன் கீழே 'எண்ணெய்க்குப் பின்'. பெரிய வியாதி வந்து முடியெல்லாம் கொட்டி, வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தபோது இந்தத் தைலம் எனக்குக் கிடைத்ததாம். அதை நானே சொல்வதுபோல் அவர் எழுதியிருந்தார். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் மொட்டைக்கும் என் கூந்தலுக்குமே முடிச்சுப் போட ஒரு ஆள் வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

ஆர்டர் பிய்த்துக்கொண்டு போனது. முன்பின் தெரியாத பெண்கள் கீழே எழுதினார்கள். தைரியமாக இருங்கள் அக்கா என்றார்கள். என் அம்மாவுக்கும் இதே வியாதிதான், நீங்கள் எப்படி மீண்டீர்கள் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அவளுக்கு என் பெயரில் அவர் பதில் போட்டார்: நம்பிக்கையும், தினமும் இருவேளை தைலமும். அவள் மூன்று பாட்டில் வாங்கினாள். அந்த ஒன்றுக்காக மட்டும் நான் அவரை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வெளியே போக முடியவில்லை. இணையத்தில் எனக்கு முடி வளர்ந்தாகிவிட்டது, நிஜத்தில் வளரவில்லை. மொட்டையோடு யாராவது பார்த்தால் கடை போச்சு. பாப்பாவைப் பள்ளிக்கு மாமியார் கூட்டிப்போனார். மாடியில் துணி காயப்போடக்கூட முக்காடு. லைவ் வீடியோவுக்காக அவர் தேவராஜ மொஹல்லாவில் தேடி ஒரு டோப்பா வாங்கி வந்தார், நீளம், கறுப்பு, என்னுடையதைவிட அடர்த்தி.

"தொட்டுப் பாரு. கோயில் முடியாம், ஒரிஜினல்னு கடக்காரன் சொன்னான்."

எந்தக் கோயிலில் எந்தப் பெண் எதற்காகக் கொடுத்ததோ. அவள் பிள்ளை பிழைத்ததோ இல்லையோ. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, கண்ணை மூடிச் சிரித்தேன். உள்ளே வேர்த்து அரிக்கும், சொறிய முடியாது. அவரை நான் வெறுக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு வருஷம் கழித்துக் குட்டு உடைந்தது, என் காதுக்குப் பின்னால். பரிதாபப்படாத ஒரு பெண் எங்கிருந்தோ வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். 'வியாதிக்காரி காதுக்குப் பின்னால் சந்தனம் எப்படி வந்தது? இது வேண்டுதல் மொட்டை' என்று எழுதிவிட்டாள். எழுதியவளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அதன் கீழே வரிசையாக வந்து நின்றார்கள். ஏமாற்று, போட்டோவை நம்பாதீர்கள், உண்மை என்றால் மொட்டையிலிருந்து வளர்வதை வீடியோவாகப் போடு என்றார்கள்.

அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒரு வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு ஒரு காலை, கழுத்தை மறைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்த என் முடியைப் பார்த்தபடி காபி குடித்தார்.

"இன்னொரு தரம் மலைக்குப் போயிட்டு வரலாமா? இந்தத் தடவ நானும் வரேன். மொத நாள்லேர்ந்து வீடியோ எடுத்துடலாம்."

"என்ற வேண்டுதல் தீந்துபோச்சுங்க. சும்மா சும்மா மொட்ட போட நான் என்ன பொம்மையா?"

அவர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆளாக இருந்திருந்தால் என் பாடு சுலபமாக இருந்திருக்கும். நாலைந்து நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு பாப்பாவுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தபோது, போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அடுத்த மாசம் இவளுக்கு ஸ்கேன் இருக்கில்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் ஒண்ணு வேண்டிக்கிட்டா தப்பில்ல, பாரு."

விபூதி பூசாத மனுஷன். சாமி அறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றமாட்டார். அவருக்குப் பிள்ளைமேல் ஆசையில்லை என்று சொல்லமாட்டேன். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதவர். அதனால்தான் எங்கே குத்தினால் எனக்கு ஏறும் என்று அவருக்கு அவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டத் தெரிந்தவர்.

வேண்டுதல் என்பது அப்படித்தான். ஒருவர் வாயிலிருந்து வந்து காதில் விழுந்துவிட்டால், யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்பதெல்லாம் பிறகு நிற்காது. மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஸ்கேனில் ஏதாவது வந்தால்? என் முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால்தான் வந்தது என்று வாழ்நாள் முழுக்க நினைப்பேன். அவரும் அதைச் சொல்லிக்காட்டாமல் இருக்கமாட்டார். இரண்டு நாள் என்னோடு நானே சண்டை போட்டேன். மூன்றாம் நாள் சரி என்றேன். அவர் உடனே காருக்குச் சொன்னார்.

முதல் தடவை பஸ்ஸில் நின்றுகொண்டு போன வழியில் இந்தத் தடவை ஏசி காரில் போனேன். மாமியார் புளியோதரை கட்டிக்கொடுத்தார். கௌதள்ளியைத் தாண்டும்போது அண்ணன் வீட்டில் இறங்கலாமா என்றேன். வெளிச்சம் போய்விடும் என்றார். வழியெல்லாம் பாப்பா முன்சீட்டில் அவர் மடியில் உட்கார்ந்து, எப்படி எடுக்கப் போகிறார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவரும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் அம்மா மொட்டை, அப்புறம் மாதாமாதம் வீடியோ, அப்புறம் கடைக்கு நிறையப் பேர் வருவார்கள்.

முடியெடுக்கும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் எதிரே ஸ்டாண்டை விரித்து போனை மாட்டினார். சவரக்காரர் வயசானவர், என் தலையை நனைத்துப் பதமாகத் தேய்த்துவிட்டார். கத்தியில் புது பிளேடு போட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் சொன்னார்.

"முடி எடுத்ததும் இவங்க சந்தனம் தடவிக்க மாட்டாங்க. இங்க யாரும் தடவிடாதீங்க. வெறும் தலையா இருக்கட்டும்."

சவரக்காரர் கையை நிறுத்தினார். "சந்தனம் வேண்டாமா? அப்ப இது என்ன வேண்டுதல்ம்மா?" என்று குனிந்து என்னைக் கேட்டார்.

பாப்பாவுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் நின்றிருந்த பாப்பா, வகுப்பில் தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் கையைத் தூக்கினாள்.

"அப்பா கடைக்கு."

"சும்னே இரு பாப்பா, வாய்ஸ் விழுது" என்றார் அவர்.

சவரக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை தெரியாமல் சொல்கிறாள் என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.