கத்தி வளைவில் அழியாத மை

கத்தி தீட்டுவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. சாணைக்கல்லை ஆன்லைனில் வாங்கி, ஒரு வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான். ஞாயிறு காலையில் பெங்களூர் தொம்மலூர் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து கல்லை நனைத்துத் தேய்ப்பேன். பிறகு செய்தித்தாளைச் சர்ரென்று கீறி, அதைப் படமெடுத்து அலுவலக நண்பர்களுக்கு அனுப்புவேன். பெருமை தாங்காது.

எங்கள் வீட்டில் சமைக்கிற அக்கா பின்தெருவில் இருக்கிறார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"அக்கா, கத்தி பின்னாடி நல்லாதான் இருக்கு. முன்னாடி வளைவா வருதில்ல, அங்க வெட்டவே மாட்டேங்குது. நசுங்குது."

எனக்குச் சுருக்கென்றது. கத்தியை வாங்கி ஒரு தக்காளியை அறுத்துக் காட்டினேன். அறுத்தது பிடிக்குப் பக்கத்து நேரான பகுதியால்.

"நேத்துதான் தீட்டினேன். நீங்க எவர்சில்வர் தட்டுல வச்சு வெட்டுறீங்க, அதான் மழுங்குது."

"அவசரத்துக்கு ஒருதபா எலுமிச்சம்பழம் வெட்டினேன்க்கா…"

அது போதாதா எனக்கு? மூன்று மாதம் அதையே சொல்லிக் காட்டினேன். ஒருநாள் கோபத்தில், "இப்படியே போனா நான் வேற ஆள்தான் பாக்கணும்" என்றும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் பயந்து பயந்து, மெதுவாக நறுக்க ஆரம்பித்தார். அதனால் அடுத்த வீட்டுக்குத் தாமதமாகி அங்கேயும் திட்டு வாங்கினார்.

ஒரு ஞாயிறு இன்னொரு வீடியோ கண்ணில் பட்டது. கத்தியின் விளிம்பில் மார்க்கர் மை பூசிவிட்டுத் தீட்ட வேண்டும். கல் பட்ட இடத்தில் மை போய்விடும். செய்து பார்த்தேன். நேரான பகுதியில் மை போயிருந்தது. வளைவில் இரண்டு விரல் அகலத்துக்கு அப்படியே கறுப்பாக இருந்தது. வளைவு வரும்போது பிடியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்த இடம் கல்லில் படாது. நான் ஒருநாளும் உயர்த்தியதில்லை.

காதெல்லாம் சுட்டது. அக்கா உள்ளே சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நானோ திருடியைப் போல சானிடைசர் தொட்டு மையைத் துடைத்தேன். பிடியை உயர்த்தி வளைவைத் தீட்டினேன். கத்தியைக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தேன்.

மறுநாள் காலை பீன்ஸ் நறுக்கும்போது அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா, பாத்தீங்களா, வளைவுல எப்படி வெட்டுது! நீங்க சொன்னதுலேர்ந்து தட்டுப் பக்கமே நான் போகல. என் தப்புதான்க்கா, உங்க கத்திய சும்மா கெடுத்து வச்சிருந்தேன். மனசுல வச்சுக்காதீங்க."

அலுவலகத்தில் என் பிழையை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறவள் என்று எனக்குப் பெயர் உண்டு. அங்கே அதற்குப் பாராட்டு கிடைக்கும். இங்கே, பீன்ஸ் நறுக்கும் ஒருவர் முன்னால், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பரவால்ல, விடுங்கக்கா. இனிமே பாத்துக்குங்க" என்றேன்.

தான் செய்யாத தப்புக்கு நான் கொடுத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு அவர் நிம்மதியாகச் சிரித்தார்.