சமத்து

தெலுங்குப் பக்கம், லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் கம்பெனியே கதி என்று கிடந்த காலம். எனக்குப் பொழுது போகவில்லை. சனிக்கிழமைதோறும் அங்கே சோறு ஊட்டப் போக ஆரம்பித்தேன்.

இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. விழுந்தாலும் அழ மாட்டாள், பசித்தாலும் அழ மாட்டாள். தொட்டிலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பாள். "என்ன சமத்து பாருங்க!" என்று முதல் நாள் வாய் நிறையச் சொன்னேன். அழாத பிள்ளையைக் கண்டால் நம் வாயில் அந்த வார்த்தைதானே வரும்.

அங்கிருந்த ஆயாம்மா தெலுங்குக்காரர். தமிழ் வீடுகளில் வேலை பார்த்துத் தமிழ் பழகியவர். பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "சமத்தா? வந்த புதுசுல நாள் பூரா அழுதுச்சும்மா. பன்னெண்டு பிள்ளைக்கு நான் ஒருத்தி. யாரும் வரலேன்னு தெரிஞ்சதும் நிறுத்திடுச்சு."

சோற்றுக் கிண்ணம் கையிலேயே இருந்தது.

அன்றிலிருந்து போனதும் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். "நக்கோம்மா, நக்கோ!" என்பார் ஆயாம்மா. வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சு அது. "நீங்க பழக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. அப்புறம் பன்னெண்டும் கை நீட்டும். இது இடுப்பா, டவுன் பஸ்ஸா?"

நான் கேட்கவில்லை. நாலாவது மாதம், கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு வீறல். அவள்தான். மூக்கு ஒழுக, என் புடவையைப் பிடித்துக்கொண்டு. ஆயாம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கெடுத்துட்டீங்களே!" எனக்கோ பூரிப்பு. கூப்பிட்டால் ஆள் வரும் என்று நம்பிவிட்டாளே!

அப்புறம் வீட்டுக்காரரை ஆறு மாதத்துக்கு வெளிநாடு அனுப்பினார்கள். நானும் போயாக வேண்டும். நாங்களே எடுத்து வளர்க்கிறோம் என்று கேட்டுப் பார்த்தேன். பெற்றவள் எங்கேயோ இருக்கிறாள், கையெழுத்துப் போடவில்லை, யாருக்கும் கொடுக்க முடியாது என்றார்கள். கடைசி சனிக்கிழமை அவள் அழுதது தெருமுனை வரை கேட்டது. அவள் கூப்பிட்டாள், நான் நடந்துகொண்டே இருந்தேன்.

ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமையே ஓடினேன். அதே தொட்டில், அதே ஆட்டம். கையை நீட்டினேன். ஏறிட்டுப் பார்த்தாள். வரவில்லை. அழவும் இல்லை.

ஆயாம்மாவுக்கு என்னைக் கண்டதில் அவ்வளவு சந்தோஷம். என்னைத் தேற்றுகிற மாதிரி தோளைத் தொட்டுச் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா. பதினஞ்சு நாள்தான் அழுதுச்சு. இப்போ மறுபடியும் சமத்து."