பூஜைக்குப் போன முட்டுக்கம்பி

போன வருஷம் ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நடந்தது இது. பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அறை எடுத்துத் தங்கி மெக்கானிக்கல் படிக்கிறேன். லீவு நாட்களில் பஸ் பிடித்து ஒபர்வில்லியேக்கு ஓடிவிடுவேன். அங்கே ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் கராஜ் நடத்துகிறார்கள். வகுப்பில் கிடைக்காத கிரீஸ் வாசனை அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

அப்போது ஒரு பழைய கரி லாரி வந்திருந்தது. நிலக்கரி போட்டு வீடுகளைச் சூடேற்றிய காலத்து வண்டி. அதன் தொட்டி டிப்பர் மாதிரிச் சாய்வதோடு நிற்காது. கத்தரிக்கோல் போல விரியும் இரும்புக் கைகளின் மேல் ஆள் உயரத்துக்கு எழும்பும். அங்கிருந்து கரி சறுக்கிக்கொண்டு நேராக நிலவறைக்குள் இறங்கும். பழைய வண்டிகள் சேர்க்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் அதைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அண்ணை முதல் நாளே ஒரே ஒரு விதி சொன்னார். தொட்டி மேலே நின்றால் அடியில் முட்டுக்கம்பி நிற்க வேண்டும். தொட்டியைத் தூக்கி நிறுத்தும் பம்பின் எண்ணெய் அழுத்தம் கைவிட்டாலும் அந்தக் கம்பி தாங்கிக்கொள்ளும்.

பூஜை ஏற்பாட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர்கள் வழக்கமாக நாலு ஸ்பானரை வைத்துக் கற்பூரம் காட்டுவார்களாம். எங்கள் ஊரில் பஸ்ஸுக்கே வாழைமரம் கட்டுவோம் என்று பெருமை பேசினேன். "அப்ப பிளேனுக்கு என்ன கட்டுவியள்?" என்று அக்கா கேட்டார்.

இருந்த கருவிகளையெல்லாம் துடைத்து, சந்தனம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினேன். லாரித் தொட்டியை உயர்த்தி, முட்டுக்கம்பி கொடுத்து நிறுத்தி, லா சப்பலில் வாங்கிய மாலையை அதன் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். ஆனாலும் அடுக்கிய வரிசையில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. முட்டுக்கம்பியையும் உருவி, பொட்டு வைத்து, நடுநாயகமாக வைத்தேன். தொட்டி அசையவே இல்லை. படித்தவன் இல்லையா, பம்ப் பிடித்திருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கற்பூரம் காட்டி முடிந்ததும் அக்கா குங்குமச் சிமிழோடு லாரிப் பக்கம் போனார். பம்புக்கும் ஒரு பொட்டு வைக்க, தொட்டிக்கு அடியில் தலையையும் தோளையும் நுழைத்தார். நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில்தான் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கிய மாலை, சக்கரத்தின் மேல் படிந்து மெல்ல மடிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் அக்காவை இடுப்போடு பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். மறுகணம் தொட்டி டமாரென்று சட்டத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் சேலைத் தலைப்பு மட்டும் இரும்புக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

அண்ணை அந்தச் சேலையைப் பார்த்தார். பிறகு சாமி படத்தின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அதையும் கும்பிடவோ வச்சனீர்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்காதான் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாகச் சொன்னார்: "நான் உள்ளுக்கை பாக்கேல்லை. கம்பி நிக்கும் எண்டு நினைச்சுத்தான் தலையை விட்டனான்."

கசிந்துகொண்டிருந்த பழைய எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்திருந்தது. அதைப் பிறகு மாற்றினோம். அன்றைக்கு மூவரும் லாரியின் படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். புதுச் சேலை எடுத்துத் தருகிறேன் என்றேன். நான் எடுக்கிற நிறத்தை உடுத்துக்கொண்டு வெளியே போக முடியாது என்று அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

இன்றும் லீவு என்றால் அங்கேதான் இருப்பேன். ஆனால் ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து எடுக்கக் கை நீளும்போதெல்லாம், அது அங்கே இருக்கும் என்று நம்பி அடுத்து வரப்போகிறவரின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது.